லார்டு கிச்சனரும் எங்க கம்பெனி ஃப்ளெக்ஸும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஷிப்டை மாத்தி மாத்திப் போட்டு ஆளைப் பிழிஞ்சுட்டாங்க. எழுத உக்காந்தா கண்ணு சொக்குது. ஆனா இந்த மேட்டரை எழுதாம விட்டா மண்டை வெடிச்சிடும். காரணம், எங்க கம்பெனி கேன்டீன் சுவத்துல தொங்கின ஒரு ஃப்ளெக்ஸ். அதுல இருந்த வாசகத்தை எழுதின மகானுபாவன் அடியேன்தான்.

முதல்ல ஊர் அறிமுகம், வெளியூர் மக்களுக்காக. ஜி.எஸ்.டி. ரோட்டுல தாம்பரம் தாண்டி, கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர்னு வந்தா அடுத்தது மறைமலை நகர். அதுக்கு அடுத்த சிங்கப்பெருமாள் கோயில்ல திரும்பினா ஒரகடம், அப்படியே ஸ்ரீபெரும்புதூர். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகள் பேர் வெச்ச ஊர். அந்த ஊர்ல நாங்க காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஷிப்ட், லைன், டார்கெட், ரிஜெக்ஷன், ஓ.டி.ன்னு பேசிக்கிட்டிருக்கோம். அடிகள் மன்னிக்கணும்.

ஜனவரி மாசம். குடியரசு தினம் வருது, பின்னாடியே மார்ச் 4 தேசிய பாதுகாப்பு தினம் வருது. ஹெச்.ஆர்.ல கூப்பிட்டாங்க. "நீங்கதான் நெட்ல எல்லாம் எழுதுறீங்களாமே சார், நம்ம பிளான்ட்டுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன்." பிரச்சினை என்னன்னா, ரிஜெக்ஷன் ஏறிப்போச்சு, ஞாயித்துக்கிழமை ஓ.டி.க்கு ஆள் வர்றதில்லை. "கொஞ்சம் தேசபக்தியா இருந்தா நல்லா இருக்கும் சார்."

புகழ்ச்சிக்கு மயங்காதவன் யாரு? அரை மணி நேரத்துல எழுதிக் குடுத்தேன். 'எல்லையில் அவர்... லைனில் நீங்கள்!' இடது பக்கம் துப்பாக்கியோட ராணுவ வீரர். வலது பக்கம் ஹெல்மெட் போட்ட தொழிலாளி. பின்னாடி மூவர்ணம் பறக்குது. பன்னண்டுக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸ். மாட்டின அன்னைக்கு போட்டோ எடுத்து வீட்டம்மாவுக்கு அனுப்பினேன். 'ம்' னு பதில் வந்துச்சு.

மூணாம் நாள் டீ பிரேக். எங்க பிரஸ் ஷாப்புல கான்ட்ராக்ட்ல இருக்கற தம்பி ஒருத்தன், திருவண்ணாமலை பக்கத்துக்காரன், கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு ஃப்ளெக்ஸையே பாத்துக்கிட்டிருந்தான்.

"நீங்க எழுதினதாண்ணே? நல்லாருக்குண்ணே."

எனக்கு உச்சி குளுந்து போச்சு. அப்புறம் கேட்டான் பாருங்க:

"பார்டர்ல நிக்கறவருக்குப் பென்ஷன் உண்டுல்லண்ணே?"

நக்கல் எல்லாம் இல்லை. அவனோட பெரியப்பா ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவர், அந்த ஞாபகத்துல கேட்டான். "உண்டுப்பா" ன்னேன். தலையாட்டிட்டு கிளாஸை வெச்சுட்டு லைனுக்குப் போயிட்டான். எனக்கு டீ இறங்கலை.

அன்னைக்கு ராத்திரி ஆரம்பிச்சதுதான் இந்தப் போஸ்டர் பைத்தியம். தேசத்தைக் காட்டி ஆளைக் கூப்பிடற வேலையை எனக்கு முன்னாடி யார் யார் செஞ்சாங்க, எப்படிச் செஞ்சாங்கன்னு தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதுல பாதியை உங்க தலையில இறக்கறேன், பொறுத்துக்கோங்க :-)

இந்த ஜாதியில எல்லாருக்கும் தெரிஞ்ச மூத்தவர் லார்டு கிச்சனர். அடர்த்தியான மீசை, நேரா நம்மைக் குத்தற மாதிரி ஒரு விரல். 1914-ல் முதல் உலகப்போர் ஆரம்பிச்சப்போ பிரிட்டனோட போர் அமைச்சர். அதுக்கு முன்னாடி 1902-ல் இருந்து 1909 வரைக்கும் நம்ம இந்திய ராணுவத்துக்கே தலைமைத் தளபதி. ஆல்ஃபிரட் லீட்னு ஒரு ஓவியர் 'லண்டன் ஒப்பீனியன்' பத்திரிகையோட 1914 செப்டம்பர் 5 இதழ் அட்டைக்காக வரைஞ்ச படம் அது. 'உன் நாட்டுக்கு நீ தேவை'ன்னு வாசகம். அப்புறம்தான் போஸ்டரா வந்துச்சு.

அந்தப் படத்துல இருக்கற சூட்சுமத்தைக் கவனிங்க. பின்னாடி மலை, கடல், பீரங்கி, கொடி ஒண்ணும் கிடையாது. வெறும் முகமும் விரலும். கையை முன்னால நீட்டி, விரலை மட்டும் பெருசாக் காட்டி, முழங்கையைச் சுருக்கி மறைச்சிட்டார் லீட். கண்ணு பாக்கறவன் கண்ணுக்கு நேரா இருக்கு. அதனால நீங்க இடது பக்கம் நின்னாலும் வலது பக்கம் நின்னாலும் அவர் உங்களைத்தான் பாக்கறார். கூட்டத்துல நிக்கற ஒருத்தனை 'டேய், நீதான்'னு தனியாப் பிரிச்சு எடுக்கற வேலை. நம்ம பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் தினம் செஞ்சதுதான்.

விரல் நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க. 1917-ல் அமெரிக்காவுல ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃப்ளாக், அங்கிள் சாமை அதே மாதிரி விரல் நீட்ட வெச்சார். மாடலுக்குக் காசு குடுக்க வேண்டாம்னு தன் மூஞ்சியையே கொஞ்சம் கெழடாக்கி வரைஞ்சிட்டார், கெட்டிக்காரர். 1917, 18 ரெண்டு வருஷத்துல நாப்பது லட்சம் பிரதிக்கு மேல அச்சாச்சு. 1920-ல் ரஷ்யாவுல டிமிட்ரி மோர், செஞ்சேனைக்கு ஆள் சேக்க ஒரு சிவப்புச் சிப்பாயை வரைஞ்சார். அவரும் விரலைத்தான் நீட்டறார். முதலாளித்துவம், பொதுவுடைமை ரெண்டுக்கும் ஒரே விரல்.

ஒரு சின்ன விஷயம். இந்த கம்பெனிப் பேட்டையில 'விரல்'னு சொன்னா கிச்சனர் விரல் யாருக்கும் ஞாபகம் வராது. பிரஸ்ல போன விரல்தான் ஞாபகம் வரும். அதுக்கு அப்புறமா வரேன்.

பிரிட்டன்ல விரலோட நிக்கலை. 1915-ல் சேவில் லம்லி வரைஞ்ச போஸ்டர்ல அப்பா மடியில சின்னப் பொண்ணு உக்காந்து, 'அப்பா, பெரிய போர்ல நீங்க என்ன செஞ்சீங்க?'ன்னு கேக்கறா. கீழே பையன் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கி விளையாடறான். அப்பா மூஞ்சியைப் பாக்கணுமே! பேந்தப் பேந்த முழிக்கறார். வீரம், புகழ் பேச்சே இல்லை, முழுக்க வெக்கத்தைத் தூண்டற வேலை. இத்தனை செஞ்சும் ஆள் போதலை. 1916 ஜனவரியில கட்டாய ராணுவ சேவைக்குச் சட்டமே போட்டுட்டாங்க.

சரி, அதே போருக்கு நம்ம ஊர்ல எப்படி ஆள் சேத்தாங்க? என்னை உலுக்கினது இந்த இடம்தான்.

லண்டன்ல இருக்கற இம்பீரியல் வார் மியூசியத்துல அந்தக் கால இந்திய போஸ்டர்கள் சிலது இருக்கு. அதுல ஒண்ணு கேக்குது: இந்த ரூபாய், துப்பாக்கி, உடுப்பு இதையெல்லாம் யார் வாங்கிப்பாங்க? பதிலும் அதுவே சொல்லிடுது: உடனே வந்து சேர்றவன்தான். அவ்வளவுதான் போஸ்டர். துணிக்கடை ஆடித் தள்ளுபடி நோட்டீஸுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொண்ணுல ஒரு சிப்பாய் நிக்கறார். இவர் இந்துஸ்தானத்தைக் காக்கறார், தன் வீட்டையும் குடும்பத்தையும் காக்கறார், நீயும் குடும்பத்துக்கு உதவணும்னா ராணுவத்துல சேருன்னு சொல்லுது.

லண்டன்காரனுக்கு 'உன் நாட்டுக்கு நீ தேவை'. நம்மாளுக்கு 'துட்டு, உடுப்பு, குடும்பம்'. ஏன்? 'உன் நாடு'ன்னு பெருசா அச்சடிச்சு ஒட்டினா, படிக்கறவன் 'எந்த நாடு? யாரோட நாடு?'ன்னு திருப்பிக் கேட்டுடுவானே. அந்த வம்பு எதுக்குன்னு சம்பளத்தைக் காட்டிட்டாங்கன்னு நான் நினைக்கறேன். அப்போ சிப்பாய்க்கு மாசச் சம்பளம் 11 ரூபாய். அதை நம்பியும் ஊர்ப் பெரிய மனுஷங்க நெருக்கினதாலயும் பத்து லட்சம் பேருக்கு மேல கடல் தாண்டிப் போனாங்க. சுமார் 74,000 பேர் திரும்பலை.

இதை ஏமாத்துன்னு சொல்லத்தான் நானும் நினைச்சேன். ஆனா தம்பி கேட்ட கேள்வியைப் பக்கத்துல வெச்சுப் பாத்தா, அந்த ரூபாய் போஸ்டர் என்னோட ஃப்ளெக்ஸை விட யோக்கியமா தெரியுது. என்ன குடுக்கப் போறோம்னு அதுல படமே போட்டிருக்கு. என் ஃப்ளெக்ஸ்ல கொடி பறக்குது, குடுக்கறது என்னன்னு ஒரு வரி கிடையாது.

(முதல் உலகப்போர்ல சென்னைக்குக் கிடைச்சது 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் போட்ட குண்டு. எண்ணெய்த் தொட்டி எரிஞ்சுது. போஸ்டர் எல்லாம் மக்கிப் போச்சு. 'அவன் பெரிய எம்டன்டா'ங்கற வார்த்தை மட்டும் நூறு வருஷமா நிக்குது.)

இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சொல்லத் தயங்கின 'உன் நாடு'ங்கற விஷயத்தை, அந்தப் பக்கம் நம்மாளுங்க படமாவே போட ஆரம்பிச்சிருந்தாங்க. 1905-ல் வங்கப் பிரிவினைக் கொந்தளிப்புல அபனிந்திரநாத் தாகூர் 'பாரத மாதா'ன்னு ஒரு நீர்வண்ண ஓவியம் வரைஞ்சார். காவி உடுத்தின பொண்ணு, நாலு கை. சுவடி, நெல் கதிர், ஜெபமாலை, வெள்ளைத் துணி. ஆயுதம் கிடையாது, சிங்கம் கிடையாது, சாந்தமான முகம். சகோதரி நிவேதிதாவுக்கு அது அவ்வளவு பிடிச்சுப்போய், கேதார்நாத்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒவ்வொரு குடிசைச் சுவத்துலயும் இந்தப் படம் இருக்கணும், ஆயிரக்கணக்குல அச்சடிக்கணும்னு எழுதினாங்க.

படம் குடிசைக்குப் போச்சு. ஆனா அந்தப் படம் போகலை. போனது வேற அம்மா. நகை போட்டு, கிரீடம் வெச்சு, சிங்கத்தோட, கையில கொடியோட, இந்திய வரைபடத்து மேல நிக்கற அம்மா. நிவேதிதா ஆசைப்பட்ட தவக்கோல அம்மா மியூசியத்துல தங்கிட்டா. எனக்கு இதுல ஆச்சரியம் இல்லை. நம்ம ஜனங்களுக்கு அம்மன்னா மூக்குத்தி வேணும்.

இந்த வரைபட சமாச்சாரத்துல தமிழ்நாட்டுக்கு முன்வரிசையிலயே இடம் உண்டு. பாரதியார் 1906-ல் இருந்து 'இந்தியா' பத்திரிகையில கார்ட்டூன் போட்டவர். தமிழ்ல அரசியல் கார்ட்டூனுக்கு அவரைத்தான் முன்னோடியாச் சொல்றாங்க. 1908-ல் புதுச்சேரிக்குப் போன பிறகு, 1909-ல் அவர் நடத்தின 'விஜயா'வுல பாரத மாதாவை இந்திய வரைபடத்தோட சேத்து, குழந்தைங்களோட, படமாப் போட்டாங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவனுக்கும் 'இது நம்ம நிலம், இவ நம்ம அம்மா'ன்னு ஒரே பார்வையில ஏத்தற வித்தை. 1931 கணக்கெடுப்புலகூட படிக்கத் தெரிஞ்சவங்க நாட்டுல நூத்துக்குப் பத்துப் பேர்கூட இல்லைங்கறதை நினைச்சுப் பாருங்க. கிச்சனர் போஸ்டருக்கு எழுத்து வேணும். இந்த அம்மாவுக்கு வேண்டாம்.

அந்த வரைபடம் எங்கிருந்து வந்துச்சு? சிரிக்காதீங்க, எங்க ரோட்டுல இருந்துதான். கர்னல் லாம்டன் 1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலையில அடிக்கோடு அளக்க ஆரம்பிச்சதுதான் பிற்பாடு இமயம் வரைக்கும் போன மாபெரும் முக்கோண அளவை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நாட்டை அங்குலம் அங்குலமா அளந்தாங்க. நூறு வருஷம் கழிச்சு அந்த உருவத்தையே எடுத்துப் புடவை கட்டி அம்மாவாக்கி, அளந்தவனையே வெளியே போடான்னு சொல்லிட்டாங்க நம்மாளுங்க. தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல பரங்கிமலை ஸ்டேஷனைத் தாண்டும்போது இதை நினைச்சு எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அடுத்து பகத்சிங். இங்கதான் போஸ்டரோட பலமும் குரூரமும் சேந்து தெரியுது.

1929 ஏப்ரல் 8-ம் தேதி டெல்லி சட்டசபையில குண்டு போடறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பகத்சிங் டெல்லியில ஒரு ஸ்டூடியோவுல தொப்பி வெச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டார். பின்னாடி பத்திரிகைகளுக்குப் போகும்னு தெரிஞ்சேதான் எடுத்தது. அந்த தொப்பி முகம்தான் அப்புறம் வந்த ஆயிரம் படங்களுக்கு மூலம். 1931 மார்ச் 23 தூக்குல போட்டாங்க. அந்தச் சூடு ஆறறதுக்குள்ள கான்பூர், லாகூர் பக்கம் அச்சகங்கள்ல கலர் படங்கள் வந்து குவிஞ்சுது. அதுல ஒரு வகைப் படத்துல, பகத்சிங் தன் தலையையே தட்டுல வெச்சு பாரத மாதாவுக்குக் காணிக்கையா நீட்டறார். சர்க்கார் பிரஸ் சட்டத்தை வெச்சு இந்த மாதிரிப் படங்களைத் தடை பண்ணிப் பறிமுதல் செஞ்சுது. பறிமுதல் செஞ்சதுல சிலது லண்டன்ல பத்திரமா இருக்கு. தடை போட்டவன் புண்ணியத்துல நமக்கு ஆவணம் மிச்சம்.

தூக்குல தொங்கினவரை ஏன் தலை வெட்டின மாதிரி வரையணும்? வடக்கே எந்தக் கதையை நினைச்சு வரைஞ்சாங்களோ, தமிழ்க் கண்ணுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்க ஊர்ல இருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போங்க. திரௌபதி ரதத்துக்குள்ள எட்டிப் பாருங்க. உள்சுவத்துல கொற்றவை நிக்கறா, அவ காலடியில ஒரு வீரன் மண்டி போட்டு தன் தலையை அறுத்துக் குடுக்கப் போறான். (முடியை அறுக்கறான்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரலை.) ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். நவகண்டம், அரிகண்டம்னு தமிழ்நாடு முழுக்க இந்த மாதிரிக் கல் நிக்குது. ஆக, ஆயிரத்து முன்னூறு வருஷமா கண்ணுக்குப் பழகின பக்தி. அதுக்கு மேல ஒரு தொப்பிக்காரப் பையனோட முகத்தை ஒட்ட வெச்சாப் போதும். பாக்கறவன் கை தானா கும்பிடும்.

ஆனா ஒண்ணு. பகத்சிங் நாத்திகர். 1930-ல் லாகூர் ஜெயில்ல உக்காந்து 'நான் ஏன் நாத்திகன்?'னு எழுதினவர். அதைத் தமிழ்ல மொழிபெயர்த்தது நம்ம தோழர் ஜீவா. அவர் தூக்குக்குப் போன அதே வாரத்துல பெரியார் 'குடிஅரசு'ல தலையங்கம் எழுதினார். சாமி இல்லைன்னு எழுதி வெச்சுட்டுச் செத்தவரை, ரெண்டே மாசத்துல சாமி முன்னாடி தலையைத் தட்டுல ஏந்தி நிக்க வெச்சிட்டாங்க. வரைஞ்சவங்க கெட்டவங்க இல்லை. ஜெயிலுக்குப் போற ஆபத்துல வரைஞ்சாங்க, அன்புல வரைஞ்சாங்க. ஆனா படத்துல நிக்கறவன்கிட்ட யாரும் 'இப்படி நிக்க உனக்குச் சம்மதமா?'ன்னு கேக்கலை. கேக்கவும் முடியாது, ஆள் இல்லை.

என் ஃப்ளெக்ஸ்ல ஹெல்மெட்டோட நின்ன தொழிலாளி உயிரோட இருக்கறவன், பக்கத்து டேபிள்ல டீ குடிக்கறவன். நானும் கேக்கலையே.

இந்த ரகப் படங்கள் தெற்கே எப்படிப் பரவிச்சுங்கறது தனிப் பதிவு போட வேண்டிய கதை, சுருக்கமாச் சொல்றேன். சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சகம் வேணும், அச்சகத்துக்கு வருஷம் முழுக்க வேலை வேணும். அப்படி வந்ததுதான் சிவகாசி காலண்டர். படம் வரைய பக்கத்துலயே கோவில்பட்டியில ஆள் இருந்தாங்க. அதுல குரு கொண்டையா ராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில படிச்சு, திருவண்ணாமலையில ரமணர் ஆசிரமத்துல கொஞ்ச காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்கு சீன் வரைஞ்சுக்கிட்டே கோவில்பட்டி வந்து சேந்தவர். காலண்டர் முருகனும் லட்சுமியும் மேடையில வந்து நிக்கற மாதிரி நேரா நம்மைப் பாத்து நிக்கறாங்களே, பின்னாடி மலையும் குளமும் சீன் திரை மாதிரி இருக்கே, அது அந்த நாடக வாசனைதான்னு எனக்குத் தோணும். நேரா நம்மைப் பாக்கற கண்ணு. லீட் வரைஞ்ச கிச்சனர் லண்டன்ல செஞ்சதை நம்ம காலண்டர் முருகன் மளிகைக்கடையில செஞ்சுக்கிட்டிருந்தார், விரல் நீட்டாம, அபயக் கை காட்டி.

எங்க பாட்டி வீட்டுல காந்தியும் நேருவும் முருகனோட ஒரே வரிசையில தொங்கினாங்க. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் ஒரே பொட்டு. போஸ்டர் வீட்டுக்குள்ள வந்து, பூஜை ரூமுக்குப் போயிட்டா அதுக்கப்புறம் அதோட வாதாட முடியாது.

1965 போர்ல லால் பகதூர் சாஸ்திரி 'ஜெய் ஜவான் ஜெய் கிசான்'னு சொன்னதும் அடுத்த காலண்டர் தயார். ஒரு பக்கம் துப்பாக்கி, மறுபக்கம் ஏர். இங்க வந்ததும் எனக்குப் பொட்டில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. என்னோட 'எல்லையில் அவர், லைனில் நீங்கள்' இருக்கே, அது அந்தக் காலண்டர்தான். ஏரைத் தூக்கிட்டு ஸ்பேனர் வெச்சிருக்கேன். நான் என்னவோ சொந்தச் சரக்குன்னு நினைச்சு வீட்டம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன்.

இன்னொரு வேடிக்கையும் தட்டுப்பட்டுது. உலகத்துல ரொம்பப் பிரபலமான போஸ்டர்கள் பலதும் அந்தந்தக் காலத்துல வேலையே செய்யலை. கிச்சனர் படம் நாம நினைக்கற அளவுக்கு 1914-ல் ஒட்டப்படவே இல்லைன்னு ஜேம்ஸ் டெய்லர்ங்கற ஆய்வாளர் புத்தகமே எழுதியிருக்கார். பதட்டப்படாம வேலையைப் பாருன்னு கப்புலயும் டி-ஷர்ட்லயும் வருதே ஒரு பிரிட்டிஷ் வாசகம், 1939-ல் கிட்டத்தட்ட 25 லட்சம் அச்சடிச்சு குடோன்ல வெச்சிருந்து, பெரும்பாலும் கூழாக்கிட்டாங்க. 2000-ல் ஒரு பழைய புத்தகக் கடையில ஒரு பிரதி கிடைச்சு, அதுக்கப்புறம்தான் புகழ். கையை மடக்கி புஜம் காட்டுற சிவப்பு ஸ்கார்ஃப் அமெரிக்கப் பெண் தொழிலாளி? 1943 பிப்ரவரியில வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி ஆலைகளுக்குள்ள மட்டும் ரெண்டு வாரம் மாட்டிவெச்சுக் கழட்டின படம். பெண்கள் இயக்கத்துக்கு ஒண்ணும் சம்பந்தமில்லை. தொழிலாளி லீவு போடக்கூடாது, ஸ்ட்ரைக் பண்ணக்கூடாது, உற்பத்தி குறையக்கூடாதுன்னு நிர்வாகம் ஒட்டின தொடர்ல அதுவும் ஒண்ணு. அதாவது எங்க ஹெச்.ஆர். கேட்டது மாதிரியே! நாப்பது வருஷம் கழிச்சுத்தான் அது வேற அர்த்தத்துக்குப் போச்சு.

அதாவது, மியூசியத்துல பளபளன்னு இருக்கறதும் காபிக் கப்புல இருக்கறதும் பெரும்பாலும் வேலை செய்யாத போஸ்டர். நிஜமாவே ஆளை அசைச்ச போஸ்டர் குங்குமம் பட்டு, எண்ணெய் பட்டு, போலீஸ் கையில மாட்டி, கிழிஞ்சு போயிருக்கும்.

எங்க பக்கமும் ஒரு தேசபக்திச் சின்னம் ஊர் முழுக்க உண்டு. 2014 செப்டம்பர் 25-ல் ஆரம்பிச்ச 'மேக் இன் இந்தியா'வோட பல்சக்கர சிங்கம். டிசைன்னு பாத்தா எனக்குப் பிடிக்கும். அசோகர் சிங்கத்தையும் கியர் வீலையும் ஒண்ணாக்கி நடக்க விட்டிருக்காங்க, ஒரு வார்த்தை இல்லாம விஷயம் புரியுது. சிங்கம் வந்து எட்டு வருஷத்துல, 2022-ல், எங்க ஊரோட பெரிய அடையாளமா இருந்த ஃபோர்டு கார் ஆலை உற்பத்தியை நிறுத்திச்சு. அந்த வாரம் எங்க டீக்கடைகள்ல யாரும் சிங்கத்தைப் பத்திப் பேசலை. இ.எம்.ஐ. பத்தித்தான் பேசினாங்க.

கதையோட மிச்சம். பிப்ரவரி கடைசியில ஹெச்.ஆர். மறுபடி கூப்பிட்டாங்க. பாதுகாப்பு வாரத்துக்குப் போஸ்டர் வேணும். இந்தத் தடவை நான் தம்பியைக் கேட்டேன். "என்னடா எழுதலாம்?"

அவன் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பட்டன் மேட்டரை எழுதுங்கண்ணே."

தெரியாதவங்களுக்கு: பிரஸ் மிஷின்ல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் மேல இருந்து டை இறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா கை உள்ள மாட்டாது. அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனா சிலர் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டி அமுக்கின மாதிரியே வெச்சிடுவாங்க. ஒரு கையால பட்டன், இன்னொரு கையால பீஸ். வேகமா ஓடும். விரலும் போகும்.

"டேப் ஒட்டாதேன்னு எழுதவா?"

"அது ஏற்கெனவே எழுதி ஒட்டியிருக்குண்ணே, மிஷின் மேலயே. ஏன் ஒட்டறோம்னு கேட்டு எழுதுங்க."

ஃப்ளெக்ஸ் இல்லை, கொடி இல்லை, சிப்பாய் இல்லை. ஒரு ஏ3 பேப்பர்ல 'ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டுவது ஏன்?'னு மேல பெருசா எழுதி, கீழே வெறும் கோடு போட்டு, ஒரு பேனாவை நூல்ல கட்டி கேன்டீன்ல தொங்க விட்டேன். நைட் ஷிப்ட் முடியறதுக்குள்ள ஒம்பது பதில். ஆறு பேர் ஒரே விஷயம்: ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ்னு வெச்சிருக்கற டார்கெட், ரெண்டு கையால அமுக்கினா முடியாது. ஒருத்தர் கணக்கே போட்டிருந்தார், ஒரு பீஸுக்கு எத்தனை செகண்டுன்னு. ஒருத்தர் 'சூப்பர்வைசருக்கும் தெரியும்'னு எழுதி, அடுத்த ஆள் அதை அடிச்சிருந்தார். ஒண்ணு ஒடியாவுல இருந்துச்சு.

மத்தியானம் பேப்பரைக் காணோம். எடுத்தது யாருன்னு நான் விசாரிக்கலை. காலையிலயே மொபைல்ல போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். அதை பிரிண்ட் போட்டுப் பாதுகாப்புக் குழு மீட்டிங்ல குடுத்தேன். வாங்கி ஃபைல்ல வெச்சிருக்காங்க, 'டைம் ஸ்டடி திரும்பப் பண்றோம்'னு சொல்லியிருக்காங்க. இன்னும் பண்ணலை. எல்லை வீரர் ஃப்ளெக்ஸைக் கழட்டி, இப்போ மழைக்கு ஸ்க்ராப் தொட்டி மேல மூடி வெச்சிருக்காங்க.

அந்த ஒடியா வரியை மட்டும் இன்னும் யார்கிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்லலை. வெல்டிங் ஷாப்புல புதுசா ஒரு பையன் வந்திருக்கான், கஞ்சம் பக்கமாம். நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், பாத்துக் கேக்கணும்.